காணாமல் போய்த் திரும்பிய குரல்: ஏ.எம். ராஜா

1971ஆம் ஆண்டு ‘ரங்கராட்டினம்’ என்ற தமிழ்ப்படம் வெளிவந்தது. ஜெமினி கணேசன் நடித்த அந்தப் படத்தின் கதை இன்று பலருக்கு நினைவில் இருக்காது. ஆனால், அதிலிருந்த ஓர் ஊடல் பாடல் வானொலியில் ஒலித்தபோது, நாற்பதைத் தொட்டுக் கொண்டிருந்த ரசிகர்கள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களின் வாலிப காலத்தில் நாள்தோறும் கேட்ட குரல் அது. பிறகு தமிழ்ப்படங்களில் அரிதாகிப்போய், ஏறக்குறைய பத்து ஆண்டுகளாக ஏன் கேட்கவில்லை என்று யாரும் பெரிதாக விசாரிக்காமல் விட்ட குரலும் அதுதான். ஏ.எம். ராஜா திரும்பி வந்திருந்தார்.

அவரைத் திரும்ப அழைத்தவர் இசையமைப்பாளர் வி. குமார். கே. பாலசந்தரின் நாடகங்களுக்கு இசையமைத்து, அந்த வழியிலேயே ‘நீர்க்குமிழி’ மூலம் திரைக்கு வந்தவர். ராஜா புகழின் உச்சியில் இருந்தபோது குமார் இருபது வயதைக் கடந்துகொண்டிருந்த இளைஞர். தம் இளமையில் கேட்ட பாடகரைத் தம் ஒலிப்பதிவுக் கூடத்திற்கே வரவழைக்கும் வாய்ப்பு ஒரு ரசிகனுக்குக் கிடைப்பது அபூர்வம்.

தமிழ்க் காதல் பாடல் என்றாலே நினைவுக்கு வரும் இந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் தாய்மொழி தெலுங்கு. ஏமல மன்மதராஜு ராஜா என்பது முழுப்பெயர். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்து ராமாபுரத்தில் 1929 ஜூலை 1ஆம் தேதி பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். படிப்பு அவரைச் சென்னைக்குக் கொண்டு வந்தது. பச்சையப்பன் கல்லூரியில் பட்டப்படிப்பு. பாட்டுப் போட்டி என்றால் மேடையில் ராஜா இருப்பார். மாணவராக இருந்த காலத்திலேயே தாமே இசையமைத்த பாடல்களை எச்.எம்.வி. இசைத்தட்டுக்குப் பாடினார். பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் பெயர் பெற்றும் பாடகர் என்றே அறியப்பட்ட ராஜா, தொடங்கும்போதே இரண்டு வேலையையும் சேர்த்துத்தான் செய்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி.

வானொலியில் ஒலித்த அந்தக் குரல் ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ். வாசனின் காதுக்கு எட்டியது. 1951இல் ஜெமினியின் ‘சம்சாரம்’ படத்தில் தலைப்புப் பாடலைப் பாடும் வாய்ப்பு வந்தது. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய பாடல். காதல் பாடகராக அறியப்படப் போகிறவர், குடும்ப வாழ்வின் பாரத்தைச் சொல்லும் பாட்டோடு திரையுலகில் நுழைந்தார். பாட்டு ஊரெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே கே.வி. மகாதேவனின் இசையில் ‘குமாரி’ படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடினார். ‘பெற்ற தாய்’ படத்தில் ஒரு புதுப் பெண் பாடகியுடன் இணைந்து பாடினார். அந்தப் பெண்ணுக்கு அது முதல் திரைப்பாடல். பெயர் பி. சுசீலா.

ராஜாவின் குரல் ஏன் அப்போது புதிதாகப் பட்டது என்பதற்கு அன்றைய நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்ப்படத்தின் முதல் தலைமுறைப் பாடகர்கள் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டைகள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அப்படி வந்தவர்கள்தாம். நடிகரே பாட வேண்டிய கட்டாயம் நீங்கிப் பின்னணிக் குரல் முறை நிலைபெற்றபோது, குரலை உயர்த்த வேண்டிய தேவையும் போய்விட்டது. ஒலிவாங்கி வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லச் சொன்னாலே போதும். இந்த மாற்றத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட தமிழ்ப் பாடகர்களில் ராஜா முன்வரிசை. டி.எம். சௌந்தரராஜனின் முழக்கமோ சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலோ அவரிடம் இல்லை. அவற்றை அவர் தேடவும் இல்லை. எதிரில் இருப்பவளிடம் மட்டும் பேசுவதுபோல் பாடினார். குரலில் மெலிதாக ஓர் அதிர்வு. சந்தோஷப் பாட்டிலும் அடியில் சிறிது ஏக்கம் தங்கியிருக்கும்.

இந்தக் குரல் யாருக்கும் பொருந்தியது என்பதும் வியப்பு. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் எம்.ஜி.ஆருக்காக பி. பானுமதியுடன் அவர் பாடிய பாடலும், ‘மகாதேவி’யில் சுசீலாவுடன் பாடிய பாடலும் இன்றும் எம்.ஜி.ஆர். ரசிகர்களின் பட்டியலில் உண்டு. வாள் சுழற்றும் வீரனுக்கு இவ்வளவு மென்மையான குரலா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. டி.எம்.எஸ். – எம்.ஜி.ஆர். பொருத்தம் உறுதிப்பட்ட பிறகுதான் அப்படி ஒரு கேள்விக்கே இடம் வந்தது. ஆனாலும் ராஜாவுக்கென்றே அமைந்த முகம் ஜெமினி கணேசனுடையது. 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’ இருவருக்கும் திருப்புமுனை. எஸ். ராஜேஸ்வரராவின் இசை. அதே படம் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’வாக என்.டி. ராமாராவ் நடிப்பில் வந்தபோது, அவருக்கு வழக்கமாகப் பாடும் கண்டசாலாவை விட்டு, அங்கும் ராஜாவையே பாட வைத்தார்கள்.

இந்தப் படங்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தன. பட்டணத்தில் இருந்தவர்கள் கொட்டகையில் பார்த்தார்கள். தோட்டத்தில் இருந்தவர்கள் திடலில் கட்டிய வெள்ளைத் திரையின் முன் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தார்கள். படம் ஒருநாள் ஓடிப் போய்விடும். பாட்டு போகாது. மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதியும், சிற்றலையில் கரகரத்து வந்த இலங்கை வானொலியும் அதைக் காப்பாற்றி வைத்தன. லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் பக்கத்து வீடுகளுக்கும் அதுவே பெட்டி. பால்மரக் காட்டில் தனியாக மரம் சீவுகிறவன் உரக்கப் பாட வேண்டிய அவசியமில்லாத பாட்டுகள் ராஜாவின் பாட்டுகள்.

பெண் குரல்களில் ராஜாவோடு மிக அழகாகச் சேர்ந்தது ஜிக்கியின் குரல். பி.ஜி. கிருஷ்ணவேணி என்ற ஜிக்கி சிறுமியாகவே திரைக்கு வந்தவர். 1948இல் ‘ஞானசௌந்தரி’யில் பாடித் தமிழர் வீடுகளில் நுழைந்தவர். ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தின் புகழ்பெற்ற போட்டி நடனத்தில் பி. லீலாவோடு போட்டி போட்டுப் பாடியவரும் அவரே. 1955இல் வந்த ‘குலேபகாவலி’யில் ராஜாவும் ஜிக்கியும் பாடிய மாலை நேரத்துக் காதல் பாட்டு, விஸ்வநாதன் – ராமமூர்த்தி பெயரில் வந்த பாடல்களில் இன்றும் தனித்து நிற்பது. ஒலிவாங்கியின் முன் இணைந்தவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தார்கள். திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் இருவரும் சேர்ந்தே மேடையேறினார்கள்.

ராஜாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய ஆண்டு 1959. கதை, வசனம் எழுதிக்கொண்டிருந்த ஸ்ரீதர் முதன்முறையாக ஒரு படத்தை இயக்கினார். ‘கல்யாணப் பரிசு’. இசையமைக்கும் பொறுப்பை ராஜாவிடம் கொடுத்தார். தெலுங்கில் ‘சோபா’ என்ற ஒரு படத்திற்கு அதற்கு முந்தைய ஆண்டு இசையமைத்திருந்தாலும் தமிழில் அது முதல் படம். பாடல்களை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். புது இயக்குநர், புது இசையமைப்பாளர், முப்பது வயதை எட்டாத கவிஞர். படம் வெள்ளிவிழா கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் 29 வயதில் மறைந்தார். ராஜாவுக்கும் அவருக்கும் இடையே இன்னும் எத்தனை பாடல்கள் பிறந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

‘கல்யாணப் பரிசு’ பாடல்களை வெறும் இனிய மெட்டுகள் என்று சொல்லிவிட்டுப் போவது ராஜாவுக்குச் செய்யும் அநியாயம். அதில் அவர் செய்த ஒரு வேலையைக் கவனிக்க வேண்டும். தீபாவளி நாளில் கதாநாயகி மத்தாப்பு ஒளியில் ஆடிப்பாடும் பாட்டு சுசீலாவின் குரலில் வரும். படத்தின் பிற்பகுதியில் அதே மெட்டு திரும்ப வரும். இம்முறை ராஜாவின் குரலில், காதலை இழந்தவனின் பாட்டாக. சொற்கள் சிறிது மாறியிருக்கும். மெட்டு அதேதான். வேகம் குறைந்து, வாத்தியங்கள் விலகி, துள்ளிய இடமெல்லாம் தளர்ந்து கேட்கும். ஒரு மெட்டுக்குள் சிரிப்பும் அழுகையும் இரண்டும் இருப்பதை இசை தெரியாதவனும் புரிந்துகொண்டான். காதல் தோல்வியைச் சொல்லும் இன்னொரு பாட்டையும் அவ்வாறே சுசீலா ஒருமுறையும் ராஜா ஒருமுறையும் பாடுவார்கள். இந்நாட்டில் தீபாவளி நெருங்கும் நாள்களில் வானொலியில் அந்த மத்தாப்புப் பாட்டைக் கேட்காமல் இருப்பது கடினம். அதன் சோகமான மறுபாதியைப் பண்டிகை நாளில் யாரும் ஒலிபரப்புவதில்லை. அதனால் இளையோர் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் ராஜாவின் கைத்திறன் தெரியும்.

அடுத்தது ‘விடிவெள்ளி’ (1960). சிவாஜி கணேசன் நாயகன். அதற்கடுத்தது ‘தேன்நிலவு’ (1961). ஸ்ரீதர் தம் சொந்த நிறுவனமான சித்ராலயாவைத் தொடங்கி, காஷ்மீருக்கே போய் எடுத்த படம். ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா. ராஜாவின் இசையில் மேல்நாட்டுத் தாளமும் வந்தது, கர்நாடக ராகத்தின் சாயலும் வந்தது. ஏரிப் படகில் போவதுபோல் அலுங்காமல் நகரும் பாட்டுகள். எஸ். ஜானகியுடன் அவர் பாடிய பாட்டு ஒன்று போதும், அந்தப் படத்தின் பெயர் நிலைக்க.

அந்தப் படத்தின் வேலை நடந்தபோதுதான் நண்பர்களிடையே மனத்தாங்கல் வந்தது. ராஜா தம் தொழிலில் கறாரானவர். ஒத்திகை போதவில்லை என்றால் ஒலிப்பதிவுக்கு இணங்கமாட்டார். பேசியது பேசியபடி நடக்க வேண்டும் என்பார். திரையுலகில் கறாராக இருப்பதற்கும் கர்வம் பிடித்தவர் என்று பெயர் எடுப்பதற்கும் இடையே அதிக தூரம் இல்லை. ஸ்ரீதருடன் நடந்த பிணக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு இரண்டு பக்கமும் கதைகள் உண்டு. முடிவு மட்டும் ஒன்று. ‘தேன்நிலவு’க்குப் பிறகு இருவரும் சேரவில்லை. ஸ்ரீதரின் ‘போலீஸ்காரன் மகள்’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஆகிய படங்களுக்கு விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையமைத்தார்கள். அவை பெற்ற வெற்றி ஊரறிந்தது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் ஜெமினி கணேசனுக்கு பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினார். அந்த ஒரு பாட்டோடு ஜெமினியின் குரல் கைமாறிவிட்டது என்றே சொல்லலாம். இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஸ்ரீநிவாஸ் அருமையான பாடகர். ஆனால், அறுபதுகளின் தமிழ்ப் பாட்டு எம்.எஸ்.வி. – டி.கே.ஆர். என்ற இரட்டையரைச் சுற்றிச் சுழன்றது. அந்தச் சுழற்சிக்குள் ராஜாவுக்கு இடமில்லாமல் போயிற்று. 1962இல் அவர் இசையமைத்த ‘ஆடிப்பெருக்கு’ வந்தது. தனிமையைப் பற்றிய ஓர் இருகுரல் பாட்டு அதில் உண்டு. ‘கல்யாணப் பரிசு’க்குச் சற்றும் குறையாத தரம். பாடல்கள் நின்றன. வாய்ப்புகள் நிற்கவில்லை. முப்பத்து மூன்று வயதில், குரலில் ஒரு கீறலும் விழாத நிலையில், தமிழ்ப்பட உலகின் மையத்திலிருந்து அவர் விலகிவிட்டார்.

கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாமே என்று அவர் ரசிகர்கள் இன்றும் அங்கலாய்ப்பதுண்டு. வளைந்து கொடுக்கிறவராக இருந்திருந்தால் ‘கல்யாணப் பரிசு’ அப்படி வந்திருக்குமா என்று திருப்பிக் கேட்பவர்களும் உண்டு.

தமிழில் அரிதானாலும் ராஜா பாடுவதை நிறுத்திவிடவில்லை. மலையாளம் அவரைக் கைவிடவில்லை. 1962இல் ‘பார்யா’ படத்தில் தேவராஜன் இசையில் பெரியாற்றைப் பற்றி அவரும் சுசீலாவும் பாடிய பாட்டு கேரளத்தில் இன்றும் ஆற்றோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. 1969இல் ‘அடிமகள்’ படத்தில் தாழம்பூ மணக்கும் ஒரு பாட்டு. தெலுங்கு மண்ணில் பிறந்து, தமிழில் புகழ்பெற்று, மலையாளத்தில் ஒதுங்கி நின்றவர் என்று அந்தப் பத்தாண்டைச் சொல்லலாம். மேடைக் கச்சேரிகளும் இருந்தன. ஜிக்கி கூடவே இருந்தார்.

அந்த வேளையில்தான் வி. குமாரின் அழைப்பு. ‘ரங்கராட்டினம்’ பாட்டைக் கேட்டவர்கள், குரலில் வயது ஏறவில்லையே என்று ஆச்சரியப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ‘புகுந்த வீடு’ படத்தில் சங்கர் – கணேஷ், ராஜாவையும் ஜிக்கியையும் சேர்த்தே பாட வைத்தார்கள். கணவனும் மனைவியுமாக அவர்கள் பாடிய அந்தத் தாமரைப் பாட்டில் ஐம்பதுகளின் வாசனை அப்படியே இருந்தது. புதிய இசையமைப்பாளர்கள் பழைய குரலைத் தேடி வந்தது பரிதாபத்தால் அல்ல. அந்தக் குரல் அவர்களின் சொந்த இளமைக்கு உரியது. 1973இல் ‘வீட்டு மாப்பிள்ளை’, 1975இல் ‘எனக்கொரு மகன் பிறப்பான்’ ஆகிய படங்களுக்கு ராஜா மறுபடியும் இசையமைத்தார். அதன்பின் தமிழ்த் திரையிசை இளையராஜாவின் கைக்குச் சென்றது. இரண்டாம் வரவு நீண்டதல்ல. ஆனால், அவர் மறக்கப்பட்டு முடிந்துபோகவில்லை என்பதற்கு அந்த நான்கைந்து ஆண்டுகள் சாட்சி.

இன்று ராஜாவைத் தேடிக் கேட்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. அவர் பாட்டுகளை பி.பி. ஸ்ரீநிவாஸின் பெயரிலும், ஸ்ரீநிவாஸின் பாட்டுகளை அவர் பெயரிலும் மாற்றிச் சொல்வது சர்வசாதாரணம். இருவரும் ஜெமினிக்குப் பாடியவர்கள், இருவரும் மென்குரல். ஆனால், காது சற்றுப் பழகினால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஸ்ரீநிவாஸின் குரல் கீழ்ஸ்தாயியில் நெஞ்சிலிருந்து எழும் கனமான குரல். ராஜாவின் குரல் அதைவிட மெலிந்தது, இளையது, வார்த்தையின் முடிவில் லேசாக நடுங்கி அடங்குவது. ‘மிஸ்ஸியம்மா’விலிருந்து ஒன்றையும் ‘பாவமன்னிப்பு’விலிருந்து ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் இனி ஒருபோதும் குழப்பம் வராது. தமக்குக் கிடைக்க வேண்டிய பெயர் விஷயத்திலும் கறாராக இருந்த மனிதருக்கு இந்தச் சிரத்தையாவது செய்ய வேண்டியதுதான்.

1989 ஏப்ரலில் தெற்கே ஒரு கோயில் விழாக் கச்சேரிக்காக ராஜாவும் ஜிக்கியும் குழுவினரும் ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர் நிலையத்தில் வண்டி நின்றது. ராஜா இறங்கினார். வண்டி புறப்பட்டுவிட்டது. ஓடும் ரயிலில் ஏற முயன்றவர் தவறி விழுந்து உயிரிழந்தார். அறுபது நிறைய இன்னும் சில மாதங்களே இருந்தன.

அதே 1989ஆம் ஆண்டு வந்த ‘பாட்டுக்கு ஒரு தலைவன்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ஜிக்கி மனோவுடன் ஓர் இருகுரல் பாட்டுப் பாடினார். ஐம்பதுகளின் காதல் பாட்டுபோலவே அமைந்த மெட்டு அது. பிறகு தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சொந்தமாக இசைக்குழு அமைத்தார். அந்தக் குழு மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பாடியிருக்கிறது. கணவரோடு பாடிய பாட்டுகளை, ஆண் குரலின் பகுதியை வேறொருவர் பாட, அவர் மேடையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். 2004 ஆகஸ்ட் 16ஆம் தேதி சென்னையில் ஜிக்கி மறைந்தார்.